அத்தை தமிழாக்கிய கணினி

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது என் அத்தை ஒரு கணினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை அவள். ஊட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கணினியை நடத்துகிற இயங்குதளம் ஒன்றை எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கும் கூட்டத்தில் அத்தையும் ஒருத்தி. யாரும் அவளை அழைக்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சென்டரைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள்.

சில ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப்போவாள். ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் யோசிப்பாள். "ஹோம்" என்பதற்கு என்ன போடலாம் என்று ஒருமுறை என்னைக் கேட்டாள். "ஊடுன்னு போடுங்க அத்தை" என்றேன். சிரித்துவிட்டு "இல்லம்" என்று தட்டினாள். சொற்களைவிட எழுத்துகள்தான் அவளைப் படுத்தின. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கும். அதை எழுதி அனுப்புவாள். தமிழே தெரியாத யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து சரிசெய்வார். அடுத்த வாரம் வேறோர் எழுத்து பிரியும். இப்படியே இரண்டு வருடம் போனது.

ஒருவழியாக அந்தத் தமிழ் இயங்குதளம் குறுந்தகடாக வந்து சேர்ந்தபோது, கிளென்மார்கன் பக்கம் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்திலிருந்த இரண்டு பழைய கணினிகளில் அத்தை அதைப் போட்டாள். பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

மழைக்காக இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளை அவிழ்க்காமலே, தேயிலைக் காட்டிலிருந்து நேராக வந்தார்கள் அம்மாக்கள். அத்தை என் அம்மாவைத்தான் முதலில் உட்காரச் சொன்னாள். அம்மா ஐந்தாவதோடு நின்றவள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திரையைத் தொடாமல் விரலை நீட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கோப்பு... திருத்து... பார்வை... உதவி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா எழுந்தாள்.

"நல்லாருக்குதுங்க அம்மிணி. ஆனா பள்ளிக்கூடத்துல இது வேண்டாமுங்க."

அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏனுங்க அண்ணி? உங்களாலயே படிக்க முடிஞ்சுதுங்களே?"

"அதனாலதானுங்க சொல்றேன். எனக்குப் புரியறதோட இவ நின்னுட்டா, எங்கூடக் கொழுந்து பறிக்கத்தான் வருவா. ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் இங்கிலீஸ்லதானுங்க இருக்குது."

மற்றவர்களும் "ஆமாங்க" என்றார்கள். பழையதையே போட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியர். அத்தை வாதாடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ரெண்டு வருஷம் அத்த பட்ட பாட்டை ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியேம்மா" என்று வழியில் அழுதேன். "நட, மழை வருது" என்றாள் அம்மா. அதன்பிறகு சில நாள் நான் அவளோடு பேசவில்லை.

அம்மா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. இன்று கோவையில் ஓர் ஆபீஸில், ஆங்கிலத் திரையைப் பார்த்தபடி என் நாள் போகிறது. ஆனாலும் அடுத்து வந்த திங்கட்கிழமை என்னை விடுவதில்லை.

அன்று பள்ளி விட்டபின் அதை அழிக்க அத்தை வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்தாள்.

"அம்மிணி, ஒரு அரை மணி நேரம் பொறுங்க."

கணினி முன் உட்கார்ந்தாள். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று அத்தை காட்டினாள். அம்மா ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து, மேலிருந்து கீழ்வரை, ஒரு சொல் விடாமல் வாய்விட்டுப் படித்தாள். புரியாத இடங்களில் நிறுத்திக் கேட்டாள். அத்தை பக்கத்தில் நின்று மெதுவாக விளக்கினாள். கடைசிப் பட்டியலும் முடிந்தது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் அண்ணி."

"செரி. எடுத்துருங்க."

நான் கோபம் தீராமல் வாசலிலேயே நின்றிருந்தேன். அத்தையின் வேலையில் இன்னும் என்ன குற்றம் கண்டுபிடிக்கலாம் என்றுதான் அம்மா அப்படித் தேடித் தேடிப் படித்தாள் என்று நினைத்தேன். அழிக்க வந்த அத்தை, உடனே அழிக்காமல் அம்மாவின் தோளில் கைவைத்தபடி ஏன் வெகுநேரம் நின்றாள் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.