கோபம் என்று நான் குறித்த குரல்

கோபமே இல்லாத குரல்களுக்குக் கோபம் என்று லேபிள் போட்டேன். தெரிந்தே செய்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. நாகர்கோவிலில் ஒரு கால் சென்டரின் மாடியில் வேறொரு நிறுவனத்தார், பேச்சிலிருந்து உணர்ச்சியைக் கண்டறியும் கணினி மாடலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சேர்ந்தேன். ஹெட்போனில் யாரோ பேசிய துணுக்கு ஒன்று, கிளிப் என்பார்கள், வரும். பேசுகிறவர் கோபமா, வருத்தமா, மகிழ்ச்சியா, சாதாரணமா என்று குறிக்க வேண்டும். குறிப்பவர்களுக்குள் ஒத்துவரவில்லையென்றால் முடிவு என்னுடையது. நாள் முழுக்கக் குரல்களுக்கு நடுவே இருந்தேன். ஒன்றுகூட என்னிடம் பேசியதல்ல.

கோபத்துக்குக் கிளிப் குறைவாக இருந்தது. உதாரணம் குறைந்தால் மாடல் அந்த உணர்ச்சியைக் கற்காது. மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"சார், கோவம் பத்தல்ல. சந்தேகத்துல கெடக்கியத எல்லாம் அங்க தள்ளுங்க. ஆரு வந்து கேக்கப் போறா?"

சந்தேகத்தில் கிடந்தவை பெரும்பாலும் கடற்கரை ஊர்க்காரர்களின் பேச்சு. அலைக்கும் காற்றுக்கும் மேலாகப் பேசிப் பழகிய தொண்டைகள். கல்யாணத்துக்கு அழைத்தாலும் உரக்கத்தான் வரும். வெளியூரிலிருந்து குறித்தவர்கள் அதைக் கோபம் என்றார்கள். இந்த மாவட்டத்திலேயே பிறந்த எனக்கு அப்படியல்ல என்று தெரியும். தள்ளினேன். மாடல் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கியது. சோதனைக்கான கிளிப்புகளையும் நான்தானே முடிவுசெய்திருந்தேன்.

பிறகு அதைக் கீழ்த்தளத்துக் கால் சென்டரின் அழைப்புகளில் ஓடவிட்டார்கள். முதலில் மாட்டியவள் ஜெனிலா, குளச்சல் பக்கத்துப் பெண். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுகிறாள் என்று திரை சொன்னது, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையோடு படிக்கட்டில் என்னைப் பார்த்து நின்றாள்.

"நான் ஆருகிட்டயும் கோவப்படல்ல சார். எனக்க அம்மைகிட்டயும் இப்படியாக்கும் பேசுவேன். நீங்க அந்த மெஷினுக்க கிட்ட ஒண்ணு சொல்லப்பிடாதா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். அன்று மாலை ஹெட்போனைக் கழற்றிய பிறகும் எழுந்து வீட்டுக்குப் போக மனமில்லை.

சில வாரம் கழித்துத்தான், குறித்ததைத் திருத்த வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். எல்லாம் கால் சென்டரிடம் ஒப்படைத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். மாடலை வாங்கிய அவர்களுக்கு நானே எழுதுகிறேன் என்றதும் இறங்கி வந்தார். கடற்கரை ஊர்களிலிருந்து ஆள் வைத்து, அந்தக் கிளிப்புகளை எல்லாம் மறுபடி குறித்தோம். மாடலுக்குத் திரும்பவும் பயிற்சி கொடுத்து ஜெனிலாவின் பழைய அழைப்புகளை ஓட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவை சாதாரணம் என்று வந்தன. அவளைத் திரும்ப அழைத்தார்கள்.

அவள் வந்த அன்று கீழே போய் நடந்ததைச் சொன்னேன்.

"தெரிஞ்சிட்டா சார் கோவம்னு போட்டிய?"

"ஆமா."

கையிலிருந்த ஹெட்போனை மேசையில் வைத்தாள். பிறகு, "வேலை இல்லாம இருந்தப்போ வீட்ல இருந்து பைய பேசிப் பழகினேன் சார்," என்றாள். "இப்போ அம்மை கேக்கா, ஏட்டி ஒனக்கு சொகமில்லியான்னு."

இனி அது வேண்டாம், பழையபடியே பேசு என்றேன். தலையாட்டினாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே குறியுங்கள்.

ஜெனிலா இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நான் வணக்கம் சொன்னால் அவளும் சொல்கிறாள், வேலை இல்லாதபோது பழகிய அதே தாழ்ந்த குரலில். அதில் கோபம் இருக்கிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.