விடிகாலையில் மட்டும் நின்ற கார்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டு அடுப்பு லைட்டர் முரண்டு பிடிக்கும். டக், டக் என்று அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நேற்றும் அப்படித்தான். மருமகள் அலுத்துப்போய் அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனாள். நான் சும்மா அமுக்கிப் பார்த்தேன். நீலமாய் ஒரு பொறி, கூடவே மூக்கில் ஏறும் ஒரு மணம். பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தால் காற்றில் இருக்குமே, அது. அவள் தீப்பெட்டியோடு வந்தபோது நான் அடுப்பை மறந்து நின்றுகொண்டிருந்தேன். கிழவிக்கு மறதி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

எனக்கு அது ஒரு காரின் மணம். தூத்துக்குடியில் கடலைப் பார்த்த சந்தில், எங்கள் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகைக்குள் நின்ற கார். உலகச் சண்டை முடிந்த சமயம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன பழைய வண்டியை என் அண்ணன் சூசை வாங்கி வாடகைச் சவாரிக்கு விட்டிருந்தான். பின் சீட்டில் ஒரு ஸ்பிரிங் துருத்திக்கொண்டு நிற்கும். பெரிய மனிதர்கள்கூட அதில் உட்கார்ந்ததும் ஒருமுறை எழுந்து மரியாதை செய்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்கள். நான் பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். அதிலிருந்து காரில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணனுக்கு மத்தியானம் வரை உப்பளத்தில் வேலை. அதனால் காலைச் சவாரி என் வீட்டுக்காரருக்கு, மத்தியானத்துக்கு மேல் அண்ணனுக்கு. வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா எல்லையில், ஒருபக்கம் மலையும் ஒருபக்கம் பள்ளமுமான பாதைகளில் ஓட்டினாராம். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கதவு படாரென்று அடித்தால் சுவரோரம் ஒண்டிக்கொள்வார். காப்பி டம்ளர் சில நாள் அவர் கையில் ஆடும், சில நாள் ஆடாது. அவரும் அதைப் பேசமாட்டார், நானும் கேட்டதில்லை. அந்த நாளில் அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது.

கார்த்திகை பிறந்த பிறகு கார் தகராறு செய்ய ஆரம்பித்தது. விடிகாலையில் எப்படியோ கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். சவாரிக்காரர்கள் இறங்கிக் கடலைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். அரைமணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். தினமும் நின்றிருந்தால் தேவலை. இரண்டு நாள் ஒழுங்காக ஓடி, மூன்றாம் நாள் காலை வாரிவிடும்.

பட்டறைக்காரர் பிளக்குகளை மாற்றினார். என் பழைய மெல்லிய நூல்சேலையைக் கிழித்துப் பெட்ரோலை வடிகட்டினார்கள். காயிலை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மத்தியானம் அண்ணன் எடுத்து திருச்செந்தூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவான். வண்டி குதிரை மாதிரிப் போகும்.

"எங்கையில ஒருநாளும் நிக்கலியே மாப்பிள்ள" என்பான்.

குத்தலாகச் சொன்னதில்லை. வியப்பாகத்தான் சொன்னான். ஆனால் வீட்டுக்காரர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மாதா கோவில் பங்குச் சாமியாரைக்கூட அழைத்து வந்தோம். பானெட்டைத் திறந்து, ஜெபம் சொல்லி, இன்ஜின்மேல் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். அன்று கார் கிளம்பவே மறுத்துவிட்டது. பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்தத் தண்ணீரிலேயே காரணம் இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிறகு ஒருநாள் ரயில் கேட்டில் மாட்டிக்கொண்டது. காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்றை விடிவதற்குள் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். தண்டவாளத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. கேட்காரன் கூச்சல் போட்டான், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், ஆண்கள் தள்ளினார்கள். வண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் ரயில் வந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாராம்: "தம்பி, ஒங்க கை இப்படி நடுங்குதே. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு வண்டி ஓட்டலாமா?"

அவர் நல்ல மனத்தோடு கேட்டதுதான். ரயிலுக்கு முன்னால் நின்ற எவனுக்கும் கை நடுங்கும். ஆனால் கேள்வி ஊருக்குள் வேறு மாதிரி வந்து சேர்ந்தது. டிரைவருக்குக் கை உதறுகிறது, பயத்தில் அவரே வண்டியை நிறுத்திவிடுகிறார், சண்டைக்குப் போய் வந்த ஆள் பாருங்கள். கடைசியில் அவருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏளா, நாந்தான் மிதியிலருந்து கால எடுத்துருதேனோ? எனக்குத் தெரியாமலே?" என்று என்னிடம் கேட்டார்.

"அப்படில்லாம் இருக்காது" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரின் வயிற்றைக் கண்டேனா, அவர் மனத்தைக் கண்டேனா?

அண்ணன் வந்து சாவியைக் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மாப்பிள்ள, கொஞ்ச நாள் நீரு ஓய்வா இரும். காலச் சவாரியையும் நானே பாத்துக்கிடுதேன்" என்றான். இவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதே விடிகாலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் உப்பளத்தில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு காலையில் எடுக்க ஆரம்பித்த சில நாளிலேயே ஒரு விடியலில் கொட்டகையிலிருந்து அவன் குரல் கேட்டது. "ஏளா, வெளக்க எடுத்துட்டு வா." கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. கொட்டகைத் தூணைத் தொட்டால் உப்பு கையில் பிசுபிசுத்தது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடிக்க, அவன் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றினான். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி சுற்றினான். ஒரு காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டது.

"அணைஞ்சு போச்சுண்ணே."

"நில்லு, இன்னொரு சுத்து சுத்திட்டுப் பொருத்துவோம்."

இருட்டில் அவன் சுற்றினான். அப்போது திறந்த பானெட்டுக்குள் அதைப் பார்த்தேன். பிளக் வயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடிமேல், நீல நூல் மாதிரி ஒன்று நெளிந்து ஓடியது. நான் சொன்ன அந்த மணமும் வந்தது.

"அண்ணே, இங்கன நீலமா என்னமோ ஊருது!"

மூடியைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். மயிரிழை போல ஒரு விரிசல். ராத்திரி உப்புக்காற்றின் ஈரம் அதில் இறங்கினால், பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் வழியிலேயே தாவி வீணாகிவிடுகிறது. இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்தால் மறுபடி ஓடும். மத்தியான வெயிலில் ஏன் நிற்கப்போகிறது?

அண்ணன் மூடியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் ஓடினான். "மாப்பிள்ள! உம்ம மேல ஒண்ணும் இல்ல. வண்டிதான்! இன்னா பாரும்!" அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரர் மூடியை வாங்கி, விரிசல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டிகளே, நல்லது" என்றார். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து புது மூடி வந்தது. மாட்டிய அன்று அண்ணன் சாவியை அவர் கையில் திணித்தான். மறுக்காமல் ஏறி உட்கார்ந்தார். கார் சந்து வழியாகப் போய்த் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. பிறகு அது நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் தனியாக நடந்து வந்தார்.

"மறுபடி நின்னு போச்சா?" என்று பதறினேன்.

"அது நிக்கலளா. நாந்தான் நிறுத்திட்டேன். எப்ப நிக்குமோ, எப்ப நிக்குமோன்னு சத்தத்துக்குக் காதக் குடுத்துக்கிட்டே ஓட்ட முடியல."

அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளைத் தோணியில் ஏற்றும் இடத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். அண்ணன் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தான், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வந்தால் தவறாமல். "வாரும் மாப்பிள்ள, மணப்பாடு வரைக்கும் ஒரு சுத்து." இவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அப்படிக் கேட்டுக் கேட்டே அண்ணன் வயதாகிப் போய்ச் சேர்ந்தான். காரை அதற்கு முன்பே யாரோ நாசரேத்துக்காரர் வாங்கிப்போனார்.

இப்போது கொட்டகை இல்லை. அந்தச் சந்தும் சந்தாக இல்லை, லாரிகள் நிற்கும் சாலையாகிவிட்டது. தோணித்துறையில் பொதி ஏற்றிய ஆட்கள் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரரும் போய்விட்டார். அவர் கார் ஓட்டிப் பார்த்தவர்கள் என்று இந்த ஊரில் இனி யாரையும் தேடிப்பிடிக்க முடியாது. நான் அவர் ஓட்டிய காரில் போனதும் ஒரே ஒரு தடவைதான். எங்கள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையே டிரைவரா என்று எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, கோவிலிலிருந்து வீடுவரை அவரே ஓட்டினார். அழகாக ஓட்டினார் என்று அண்ணன் சொல்லுவான். எனக்குத் தெரியாது. புதுப்பெண் தலை நிமிரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வழி முழுக்க நான் மடியில் இருந்த பூச்செண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.