சக்கரத்துக்குக் காய்ச்சல்

திருவொற்றியூரில் துறைமுகத்துக்குக் காத்திருந்த கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் என் கார் புகைந்து நின்றது. முந்தின நாள்தான் சர்வீஸ் முடித்து எடுத்திருந்தேன். வரிசையிலிருந்து ஒரு டிரைவர் இறங்கி வந்தார். பனியன் முழுக்க கிரீஸ். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையை நீட்டினார்.

"லெஃப்ட்டு முன்வீலு மட்டும்தான் கொதிக்குது. பிரேக்கு புட்ச்சிகினு கீது."

ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் அசையவில்லை. பிரேக்கின் பின்னாலிருந்த சின்னத் திருகை ஸ்பானரால் லேசாகத் திறந்ததும் எண்ணெய் பீய்ச்சியது. சக்கரம் தாராளமாகச் சுற்றியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"பாத்தியா நைனா, எண்ணெ உள்ள போவுது, திரும்பி வரல. சர்வீஸ்ல பிரேக்க புடிக்கிற காலிப்பர பெரட்டி மாட்டிக்கீறான். எண்ணெ போற ஓஸு குழாயி முறுக்கிகினு கீது."

சக்கரத்தைக் கழற்றி, முறுக்கை எடுத்து, திருப்பி மாட்டுவதற்குள் மூன்று லாரிகள் அவரை முந்திவிட்டன.

"உங்க இடம் போச்சேண்ணே."

"போனா போவுது."

என் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடைசியில் குனிந்து, புறங்கையை வைத்து, "இனிமே சூடு ஏறாது, போய்ட்டு வா" என்றார். என்னிடம் இல்லை, சக்கரத்திடம்.