பொடி போடாத திருவிழா

பெரியப்பாவின் பொடிச் சிமிழ் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வேட்டி மடிப்பில் அது எந்தப் பக்கம் இருக்கிறதென்று வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலுக்கு அவர்தான் ஐயர். பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்ததும் சிமிழைத் தட்டித் திறப்பார். ஒரு சிட்டிகை மூக்கில் ஏறும், கண் கலங்கும், பிறகு முகம் தெளிந்துவிடும். அவர் தும்மினால் நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். பீடி சுருட்டு எதையும் தொடாத மனிதர் என்பதால், பொடியை ஒரு பழக்கமென்றே அவர் எண்ணியதில்லை.

வினை கைபேசி வழியாக வந்தது. இப்போது எங்கள் கோயில் திருவிழாவும் நேரலையில் போகிறது. ஒரு வருடம், அவர் தூணோரம் நின்று பொடி போட்டதைக் கமரா பிடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர், ஐயரே இப்படியென்றால் கோயில் உருப்பட்ட மாதிரித்தான் என்று கீழே எழுதிவிட்டார். அந்த ஆளின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். பெரியப்பா கோபப்படவில்லை, வெட்கப்பட்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும்வரை குருக்களுக்கு விரதம். அடுத்த வருடம் காப்புக் கட்டுவதற்குச் சற்று முன்பு படகுத்துறைக்குப் போய், சிமிழைக் கடலில் எறிந்துவிட்டு வந்தார். இந்த முறையாவது முழுச் சுத்தமாகச் செய்வோம் என்று நினைத்திருக்கிறார்.

நான் அப்போது அனுராதபுரத்தில் மருத்துவராக இருந்தேன். மூன்றாம் நாள் அபிஷேகத்தை ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். உருத்திர மந்திரம் சொல்லிக்கொண்டு வந்த பெரியப்பா நடுவில் நின்றார். முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் மறுபடியும் நின்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மகன் எடுத்துச் சொல்லி முடித்தான். பெரியப்பாவுக்கு நித்திரையே இல்லை என்றும், பூக் கொண்டுவந்த பெண்ணின் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். வயதாகி நினைவு தப்புகிறது, அறளை பெயர்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது. அவர் நினைத்தது வேறு. காப்பை அவிழ்த்த கையோடு கோயில் பூட்டின் திறப்பை மகனிடம் நீட்டி, “பிள்ளையார் என்னை வேண்டாமெண்டிட்டார்” என்றாராம்.

சில மாதம் கழித்து விடுமுறையில் போனபோதுதான், சிமிழைக் கடலில் எறிந்த கதையைப் பெரியம்மா சொன்னார். அப்போதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. நரம்புக்கு நரம்பு செய்தி சொல்ல மூளை தானாகவே சில பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று அசற்றைல்கோலின். அதற்கென்று நரம்பில் இருக்கும் வாங்கிகளில், பொடியிலுள்ள நிக்கொட்டினும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நரம்பு முனைகள் டோபமின் முதலானவற்றை வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளிவிடும், மனம் ஒருமுகப்படும். வருடக்கணக்கில் இது நடந்தால் வாங்கிகள் மரத்துப்போகின்றன. ஈடுகட்ட மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பொடியைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் பட்டினி கிடக்கும், சுரப்பும் தாழ்ந்துபோகும். கவனம் சிதறும், எரிச்சல் வரும், நித்திரை கெடும். பெரும்பாலும் சில கிழமைகளில், ஒரு மாதத்துக்குள், இதெல்லாம் அடங்கிவிடும். அந்தக் கிழமைகளில்தான் திருவிழா வந்தது.

நல்ல செய்தி கொண்டுபோகிறவனின் அவசரத்தோடு நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அறளையும் இல்லை, பிள்ளையாருக்குக் கோபமும் இல்லை, இனிக் கோயிலுக்குப் போகலாம் என்றேன். கதிரையில் சாய்ந்திருந்தபடி முழுவதையும் கேட்டார்.

“அப்ப தம்பி, இவ்வளவு காலமும் மந்திரம் சொன்னது நானோ, பொடியோ?”

நீங்கள்தான் என்றேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த பெரியம்மா விடவில்லை. “விடியப்புறம் எழும்பி மந்திரத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லுறியள். இப்ப ஆர் பொடி தாறது?”

“அது வீட்டில,” என்றார் பெரியப்பா. “அங்க நிண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

பிள்ளையார் கைவிட்டார் என்பதையாவது அவர் ஒருவாறு தாங்கிக்கொண்டிருந்தார். என் விளக்கத்துக்குப் பிறகு, பிழையில்லாமல் சொன்ன அத்தனை வருடங்களும் தன்னுடையவைதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மாலைப் பூசைக்கு மணி அடித்தது. பெரியப்பா எழும்பிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போனார். கோயிலிலிருந்து மகன் மந்திரம் சொல்லும் குரல் கேட்கத் தொடங்கியதும், திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டார்.