விகான் குதிரையும் என் பத்து விரல்களும்

பிலிப்பைன்ஸின் விகான் ஊரில், ஸ்பானியர் காலத்து வீடுகளுக்கு நடுவே ஓடும் கல் பாவிய தெருவில், நானும் மனைவி கீதாவும் குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். பப்பாளிக்காயும் முட்டையும் வைத்துப் பொரிக்கிற எம்பனாடா வாங்க வண்டிக்காரர் இறங்குகிறார். இறங்கும்போது கடிவாளக் கயிற்றை என்னிடம் நீட்டுகிறார். மல்லேஸ்வரத்து டிராஃபிக்கில் இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவனாயிற்றே, வாங்கிக்கொள்கிறேன்.

குதிரை நடக்க ஆரம்பிக்கிறது. தமிழில் அதட்டுகிறேன், கன்னடத்தில் கெஞ்சுகிறேன். என் கால், வண்டியில் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.

"ஏங்க, கண்ணையாவது தொறந்துட்டு ஓட்டுங்க," என்கிறாள் கீதா.

தெருமுனையில் குதிரை தானே திரும்பி, எதிர்வண்டிக்கு ஒதுங்கி, தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறது. வண்டிக்காரர் எம்பனாடாவைக் கடித்தபடி பின்னாலேயே வருகிறார்.

"தினமும் இந்த நேரத்துக்கு இங்கதான் தண்ணி குடிப்பான், சார்," என்கிறார் ஆங்கிலத்தில்.

"அப்புறம் எதுக்குக் கயித்தை என்கிட்ட கொடுத்தீங்க?"

"கையில ஏதாவது இருந்தா டூரிஸ்ட் பயப்பட மாட்டாங்க."

கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன். விரல்கள் திறக்கவில்லை. கீதா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறாள்.