கொடுக்காத யங்கோனாக் கட்டு

நான் ஒரு பொய் சொன்னேன். அதற்கான தண்டனையை என் நண்பன் அனுபவித்தான். அப்போது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். பிள்ளைப் பருவத்துத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஃபிஜித் தீவில், நாந்தி நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு ஆட்களைச் சிங்கடோக்கா பக்கம் கூட்டிப்போவேன். காலையில் கடலோர மணல்மேடுகள். காற்று மணலை நகர்த்த நகர்த்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தவர்களின் பானை ஓடுகள் தலைகாட்டும். சில சமயம் எலும்பும் தெரியும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கின் உள்ளே போய், ஆற்றைக் கடந்து, ஒரு சுண்ணாம்புக்கல் குகை. வாசலில் குனிந்து, தண்ணீரில் தவழ்ந்து நுழைந்தால், உள்ளே ஒரு தேவாலயம் அளவுக்கு விரியும்.

குகை பக்கத்து ஃபிஜியர் கிராமத்துக்குச் சொந்தம். அந்தக் கிராமத்துக்காரன்தான் என் நண்பன். தமிழ்க் குடும்பங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன். நாங்கள் ஃபிஜி இந்தியில்தான் பேசிக்கொள்வோம், அவன் இடையிடையே தமிழையும் கலப்பான். அதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அவர்கள் முறையில் ‘தவாலே’ என்பதும் நம் ‘மச்சான்’ என்பதும் ஒரே உறவு, கேலி செய்ய உரிமை உள்ள உறவு. அதனால் என்னை மச்சான் என்றே கூப்பிடுவான்.

குகைக்குள் போவதற்கு முன், இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கிராமத் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும். அதற்குச் செவுசெவு என்று பெயர். தலைவர் கட்டைத் தொட்டு, இரண்டு வார்த்தை சொல்லி, கை தட்டுவார். அதற்குப் பிறகுதான் போகலாம். என் கட்டைத் தலைவரிடம் எடுத்துப்போய், எனக்காகப் பேசுவது நண்பனின் வேலை. கட்டில்லாமல் நுழைவது அடுத்தவர் வீட்டுச் சுவர் ஏறிக் குதிப்பது மாதிரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர்களுக்கு நானே விளக்குவேன்.

இந்தியர்கள் அதிகம் இருந்த அரசை ஃபிஜியர் ராணுவம் கவிழ்த்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன; அதுதான் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் பார்த்தாலும் எந்த நாட்டுக்குப் போவது என்றே பேச்சு. என் மனைவி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். நான் அதை மூடுவேன், அவள் மறுபடி திறப்பாள். அந்தச் சனிக்கிழமை என்னோடு வந்தவர் ஆக்லாந்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், கூட அவர் மனைவி. அவர் மனது வைத்தால் எங்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்று ஏற்பாடு செய்திருந்த பயணம்.

வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் வேனைத் திறக்கச் சொன்னான். வயது என் மாணவர்களின் வயதுதான். என்னை மட்டும் இறக்கி, கைகளை மேலே தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்தான். தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு அப்பால் சந்தையில் யங்கோனாக் கட்டுகள் தொங்கின. எப்போதும் அங்கேதான் வாங்குவேன். அன்று வண்டியை நிறுத்தவில்லை. என் பாட்டன் இந்த மண்ணில் கரும்பு வெட்டிச் செத்தவர், என்னை வெளியே போ என்கிறார்கள், நான் எதற்கு இவர்கள் முன் கட்டோடு சப்பணமிட்டு உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கிராமத்தில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மணல்மேட்டில் தலைமையாசிரியரின் மனைவி கோடுபோட்ட பானை ஓடு ஒன்றை எடுத்துக் கைப்பையில் போடப் பார்த்தார். “வைத்துவிடுங்கள், அது நம்முடையது இல்லை” என்றேன். வைத்துவிட்டார்.

ஆற்றங்கரையில் நண்பன் இல்லை, மரவள்ளித் தோட்டத்துக்குப் போயிருந்தான். நல்லதாய்ப் போயிற்று என்று கிராமத்துக்குள் போகாமல், கரும்புக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையில் அவர்களை நடத்திப்போனேன். குகைக்குள் டார்ச்சை மேலே தூக்கி, சுண்ணாம்புக்கல் விழுதுகளைக் காட்டி, துளித்துளியாகத் தண்ணீர் எப்படிக் கல்லாகிறது என்று சொன்னேன். என் காது மட்டும் வாசல் பக்கமே இருந்தது. போர்க் காலத்தில் ஒரு குலமே ஒளிந்திருந்த இடம், அடுப்புக் கல், எல்லாம் அவசர அவசரமாகக் காட்டினேன்.

வெளியே தவழ்ந்து வந்தபோது நண்பன் நின்றிருந்தான். பக்கத்தில் தலைவரின் தம்பியும் இன்னும் சிலரும்.

“என்ன மச்சான், தொப்பை மாட்டாம வந்துட்டியா?” என்றான். சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

தலைவரின் தம்பி கேட்டார்: “செவுசெவு எங்கே?”

தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நண்பனைக் காட்டி, “போன வாரமே இவன்கிட்ட குடுத்துட்டேனே” என்றேன்.

நண்பன் என்னைப் பார்த்தான். அந்த இரண்டு வெள்ளைக்காரர்களைப் பார்த்தான்.

“ஆமா, குடுத்தார். நான்தான் குடிச்சுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவரின் தம்பி தரையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். ஏதாவது பிரச்சினையா என்று தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, ஊர்ப் பேச்சு என்றேன்.

வேன் கதவருகே நண்பன் குனிந்து சொன்னான்: “உன் ஆளுங்க முன்னால உன் மானம் போவக்கூடாதுன்னுதான். திங்கக்கெழமை ஒரு கட்டு எடுத்துக்கிட்டு வா. தலைவர்கிட்ட நெசத்தச் சொல்லு. அதுவரைக்கும் நான் தாங்கிக்கிறேன், மச்சான்.”

திங்கட்கிழமை நான் போகவில்லை. பள்ளியில் வேலை இருந்தது. அடுத்த வாரம் மழை. அப்புறம் ஆக்லாந்திலிருந்து வேலை உறுதியானது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பள்ளத்தாக்கிலிருந்து பின்னால் வந்துசேர்ந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. குகைக்கு ஆள் கூட்டிப்போகக் கூடாது என்று நண்பனைத் தடுத்துவிட்டார்கள். யங்கோனாக் கிண்ணம் சுற்றிவரும்போது அவனுக்குக் கடைசியில்தான். ‘தலைவர் கட்டைக் குடிச்சவன்’ என்று பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள்.

ஃபிஜியில் மறுபடி மறுபடி ஆட்சி கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் நம் குடும்பங்கள் ஆக்லாந்துக்கு வந்து இறங்கின. விமான நிலையத்துக்கு நான்தான் போவேன். எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். அதைக் கேட்டால் எனக்கு உட்கார முடியாது, எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் மனைவி சொன்னாள்: “எத்தன வருஷமா அந்தக் குகைக்குள்ளயே சுத்துறீங்க. ஒரு தடவ போயி வெளிய வந்துடுங்களேன்.”

ஓய்வு பெற்றபின் போனேன். மன்னிப்புக்கு வெறும் யங்கோனா போதாது. திமிங்கிலப் பல் வைக்க வேண்டும், அவர்கள் தம்புவா என்பார்கள். லௌத்தோக்காவில் ஒரு கடையில் வாங்கினேன். பழைய தலைவர் இறந்து, மகன் தலைவராகியிருந்தார். அவர் முன் பாயில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபிஜி மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம்புவாவை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அங்கே நரைத்த தலையோடு நண்பன் உட்கார்ந்திருந்தான். அவன் நிமிரவில்லை.

வெளியே மாமரத்தடியில் அவனைப் பிடித்தேன்.

“எதுக்கு வந்தீங்க?”

“உண்மையைச் சொல்ல.”

“திங்கக்கெழமை சொல்லியிருந்தா அது உண்மை. பெரியவர் சாகிற வரைக்கும் அவர் மூஞ்சியப் பாத்து, நான்தான் குடிச்சேன்னு சொல்லியிருக்கேன். குடிகாரன்னு பேரு, பழகிப்போச்சு. தலைவர்கிட்டயே பொய் சொன்னவன்னு இன்னைக்குத்தான் பேரு வாங்கியிருக்கேன், மாஸ்டர்.”

இத்தனை ஆண்டுகளில் இந்தப் பக்கத்தை நான் ஒருமுறைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

அவனும் தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஊர்க்காரன் என்பதால் அவனுக்கு யங்கோனாக் கட்டு போதும்; அதை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அவன் தன் தோட்டத்தில் இன்னும் முற்றாத யங்கோனாச் செடி ஒன்றைத் தோண்டி, வேரைக் கழுவிக் கட்டினான். தலைவர் வீட்டு வாசல் வரை அந்தக் கட்டை நான் தூக்கிவரச் சம்மதித்தான். அங்கே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தனியாக உள்ளே போனான். உள்ளே கை தட்டும் சத்தம் கேட்டது. இனி அவன் குகைக்கு ஆள் கூட்டிப்போகலாம் என்று தலைவர் சொன்னாராம். அவனுக்கு இப்போது முழங்கால் மடங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்திலிருந்து போன் செய்கிறேன். சில வாரம் எடுக்கிறான். மழை, ஆறு, மாடு என்று பேசுகிறோம். போன மாதம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: “என்னை மன்னிச்சுட்டியா?”

“ஆத்துல தண்ணி ஏறுது, மாஸ்டர். மாட்ட அவுக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டான்.