வாளி முன்னால் வந்த படம்

புளித்த ரப்பர் பாலின் வாடையோடு ஈரக் கம்பிவலையின் துரு வாடையும் சேர்ந்து வந்தால் போதும், கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் "புள்ளக்காம்பரா" வாசலில் நான் மறுபடி நிற்பேன். தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பத்து வயது. பால்வெட்டப் போன அம்மா திரும்பும்வரை அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் தம்பிக்குக் காவல் இருந்த நாளொன்றில், கருவிழிகளை மூக்கோரம் இழுத்து ஜன்னல் வலையைப் பார்த்தேன். வலை சட்டத்தைவிட்டுக் கிளம்பி என் முகத்தருகே மிதந்தது. "கண்ணு அப்படியே நின்னுடும்டி" என்றார் பிள்ளை பார்க்கும் ஆயம்மா.

கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில், கிட்ட இருப்பது அதிகமாகவும் தூர இருப்பது கொஞ்சமாகவும் நகர்வது பிடிபட்டது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மலை, ரப்பர் மரம், பால்வாளி என்று இரண்டு படம் வரைந்தேன். இரண்டாவதில் மலையை அசைக்காமல், மரத்தை நூலளவும் வாளியை விரலளவும் வலப்பக்கம் தள்ளினேன்.

தலைமையாசிரியரான பெரிய சார் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "ஒரு பிள்ளைக்கு ஒரு படம்னு சுற்றறிக்கையில இருக்கு. அதோட ரெண்டாவதுல வாளி தள்ளிப்போச்சும்மா."

பிற்காலத்தில் கச்சேரி எனும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் இருபது வருடம் "சுற்றறிக்கையில இருக்கு" என்ற இதே வாக்கியத்தால் ஆட்களைத் திருப்பி அனுப்பியவள் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று இரண்டையும் கேட்டு வாங்கி, அம்மாவின் வாளியில் மிஞ்சிய ரப்பர் பாலால் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டி, "இப்ப ஒரு படம்தானே சார்?" என்றேன். அவர் சுற்றறிக்கையை இரண்டுமுறை படித்துவிட்டு மாட்டினார்.

கல்விக் கந்தோர் என்ற கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சிங்கள அதிகாரி ஐயா அட்டைமுன் நின்றார். "ஒரே படம் ஏன் ரெண்டு, துவ?" துவ என்றால் மகள்.

"கண்ணை மூக்குப் பக்கம் கொண்டாங்க சார். மூணு படம் தெரியும், நடுவுல உள்ளதைப் பாருங்க."

பள்ளிக்கூடமே பார்க்க, அதிகாரி மாறுகண் ஆனார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய சாரின் முகம் வெளுத்தது. பிறகு அதிகாரியின் கை மெல்ல எழுந்து, காற்றில் வாளியின் பிடியைத் தேடியது.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொன்னார். "வாளி வெளிய வருது."

பெரிய சாரும் முயன்றார். "எனக்கு ரெண்டும் ரெண்டாத்தான் இருக்கு" என்று கண்ணாடியைத் துடைத்தார். முதல் பரிசுச் சான்றிதழில் "ஓவியம்: ஒன்று" என்று எழுதியதும் அவர்தான். அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நேராகப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இப்போது முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். காப்பகத்தின் வலையைப் பிடுங்கிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். என்னிடம் இன்னும் இருக்கும் அந்த அட்டையில் ஒட்டிய பால் கறுத்து வெடித்து, இரண்டாவது படம் ஓரத்தில் கழன்றுவருகிறது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடி வழியாகக் கருவிழிகளை மூக்கோரம் இழுத்தேன். முன்னைவிட நேரமானது. ஆனாலும் வாளி வந்தது.